நடுக் கட்டம்

எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது. இன்றைக்கு வரைக்கும் கண்ணாடி போட்டதில்லை. ஊசியில் நூல் கோக்க எங்கள் தெருவில் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தேவசேனா மேடம், இந்தக் கமலம்மா எதையோ தப்பாகப் பார்த்துவிட்டாள் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்த டீயைக் குடியுங்கள் முதலில், ஆடை கட்டிவிட்டது. காலையிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். என் மகள் சந்தியாவை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் உங்களுக்கு. நான் எங்கேயும் ஓடப் போவதில்லை.

கையில் இருக்கும் கட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அது சந்தியாவின் பல். அது கடைசியில் வருகிறது, கடைசியிலேயே சொல்கிறேன்.

பாலசமுத்திரத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் கரும்பு. அதற்கு முன்னால் ரொம்பக் காலம் அடுத்தவர் கரும்பைத்தான் வெட்டிக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷமாகிறது. ரேணிகுண்டா பக்கம் சிப் கம்பெனி வந்தபோது கூட்டித் துடைக்கத்தான் போனேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டி, கண் மட்டும் தெரிய, தூசி இல்லாத தரையைத் தூசி இல்லாமல் துடைக்க வேண்டும். ஒருநாள் திருப்பதி சுரேஷ்பாபு சார், அங்கே தரம் பார்க்கும் பெரிய இன்ஜினியர், ஒரு திருகாணியைத் தொலைத்துவிட்டார். கடுகில் பாதி இருக்கும். நாலு பேர் டார்ச் அடித்துத் தேடினார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே காட்டினேன். மறுவாரம் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார்.

அங்கே என்ன வேலை என்று சொன்னால்தான் மற்றது புரியும். சிப் எங்களிடம் பாதியாகத்தான் வரும். வெளிநாட்டில் செய்த தட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவு, முகம் பார்க்கலாம். வேஃபர் என்பார்கள். அதில் எள்ளை விடக் கொஞ்சம் பெரிய கட்டங்கள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு கட்டமும் ஒரு சிப். மெஷின் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரிக்கும். கெட்டதன் மேல் ஒரு பொட்டு கறுப்பு மை. மை வைத்தது குப்பைக்கு. மை இல்லாதது அடுத்த அறைக்குப் போய், கம்பி கட்டி, பிசின் ஊற்றி மூடி, கறுப்புப் பூச்சி மாதிரி கால் முளைத்து வெளியே போகும். மெஷின் விட்டதைக் கண்ணால் பார்த்துக் கையால் மை வைப்பது என் வேலை. ஒன்பது வருஷம் வைத்தேன்.

பக்கத்து மேஜையில் பிரமிளா என்று நகரிப் பெண். வாய் ஓயாது. "கமலக்கா, ஊட்டுல கொயந்தைக்குக் கண்ணு படாம இருக்க மை வைக்கிறோம். இங்க அதே மைய வச்சா குப்பைத் தொட்டி. சாமி எதப் பாத்து இன்னான்னு புரிஞ்சிக்கும்?" என்பாள். இன்னொரு நாள், "எனக்கும் ஒன்னு வச்சி உடு அக்கா, கெட்டதுன்னு ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க, தூங்கிக்கினு இருப்பேன்" என்றாள். நான் மைக்கோலைத் தூக்கிக் காட்டுவேன். சிரித்துக்கொண்டே தலையை இழுத்துக்கொள்வாள்.

ஒரு விதி உண்டு. சுரேஷ்பாபு சார்தான் சொல்லிக் கொடுத்தார். ஒரு கட்டம் சோதனையில் தேறிவிடுகிறது, ஒரு குறையும் இல்லை, ஆனால் அதைச் சுற்றி இருக்கும் எட்டுக் கட்டத்தில் ஆறு ஏழு கெட்டது. அப்போது நடுவில் இருக்கும் நல்லதுக்கும் மை வைக்க வேண்டும். எனக்கு மனசு ஆகவில்லை. நல்லதை எதற்கு சார் தூக்கிப் போடுவது என்று கேட்டேன். அவருக்குத் தமிழ் பாதி, தெலுங்கு பாதி. "சுட்டூ செடிபோத்தே மத்யலோ மஞ்சிதி கூடா செடிபோதுந்தி, கமலம்மா" என்றார். சுற்றிலும் கெட்டால் நடுவில் இருக்கிற நல்லதும் கெட்டுப்போகும். இன்றைக்குத் தேறும், ஆறு மாதம் கழித்து ஓடுகிற வண்டியில் நின்றுபோகும். இங்கேயே தூக்கிப் போட்டால் ஒரு ரூபாய் நஷ்டம், கம்பி கட்டி மூடின பிறகு என்றால் பத்து, போர்டில் ஏறிவிட்டால் நூறு, வண்டிக்குள் போய்விட்டால் ஆயிரம். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு புண்ணியம் என்றார். இன்னொன்றும் சொன்னார். அந்த அறையில் ஒரு மெஷின் முப்பது கோடி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அஞ்சு வருஷத்தில் அது பழைய இரும்பு. அதனால் அது ஒரு நிமிஷம் கூடச் சும்மா நிற்கக் கூடாது, சந்தேகமான சிப்புக்கு அதன் நிமிஷத்தைக் கொடுக்கவும் கூடாது. அப்படிக் கொடுத்தால் ஒரு நல்ல சிப்பின் இடத்தைப் பிடுங்குகிறோம்.

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் ஒரே ஒரு தடவை நான் மை வைக்காமல் விட்டேன். பதினாலாவது வரிசை, ஒன்பதாவது கட்டம். சுற்றிலும் ஏழு கறுப்பு, நடுவில் அது மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பிழைத்துப் போகட்டும் என்று விட்டேன்.

எட்டு மாதம் கழித்து அந்தச் சரக்கு திரும்பி வந்தது. எங்கேயோ ஒரு நாட்டில் வண்டிகளின் பிரேக்குக்குள் போன சிப்புகள், சிலது நின்றுபோயின. வாங்குகிறவர்கள் ஆர்டரைப் பாதியாக வெட்டினார்கள். எங்கள் கம்பெனி மாதிரி இடத்தில் நூறு மெஷின் இருந்தால் குறைந்தது எண்பது ஓட வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறந்து வைப்பதே நஷ்டம். அம்பதுதான் ஓடியது. இரண்டாவது லைனை நிறுத்தி மெஷின்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டார்கள். அறுபத்து நாலு பெண்களை அனுப்பினார்கள். பிரமிளா அதில் ஒருத்தி.

அவள் சம்பளத்தை நம்பித்தான் புருஷனை விட்டு வந்திருந்தாள். சம்பளம் போனதும் அவனிடமே திரும்பிப் போனாள். நாற்பத்தோரு நாள்தான் இருந்தாள். துவைக்கிற கல்லில் தலையை வைத்து மோதியிருக்கிறான். குளிப்பாட்ட அவள் அம்மாவால் முடியவில்லை, நான்தான் செய்தேன். பின்னந்தலையில் சீயக்காய் தேய்க்கும்போது விரல் உள்ளே போய்விட்டது. மெதுவாக எடுத்துக்கொண்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் தேய்த்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வைக்காமல் விட்ட ஒரு பொட்டு மை சுற்றிக்கொண்டு எங்கே வந்து நின்றது என்று.

சுரேஷ்பாபு சாரின் வாக்குமூலத்தை நேற்று படித்துக் காட்டினீர்கள். திரும்பி வந்த சிப்பில் குறை இல்லை, மேலே மூடின பிசினில் ஈரம், கமலம்மா பார்த்த தட்டே அது இல்லை என்று. இதை அவர் என்னிடமும் அப்போதே சொன்னார். ரிப்போர்ட்டைக் கூடக் காட்டினார். நல்ல மனுஷன், என் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். இருக்கட்டும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி கிரண்குமாரைப் பற்றி.

சந்தியாவையும் அதே கம்பெனியில், கம்பி கட்டும் அறையில் சேர்த்திருந்தேன். கிரண் எங்கள் ஷிப்ட் பஸ் டிரைவர். புத்தூர் வழியாக அறுபது கிலோமீட்டர் போய் வர வேண்டும். பெண்கள் தூங்கிக்கொண்டு வருவார்கள் என்று பாட்டைக் குறைத்து வைப்பான். எந்தப் பெண் எந்தத் திருப்பத்தில் இறங்க வேண்டும் என்று தெரியும். அவள் வீட்டு விளக்கு எரிகிற வரைக்கும் பஸ்ஸை எடுக்க மாட்டான். ஒரு வருஷம் பார்த்தேன். சந்தியா வந்து, "எம்மா, அவரத்தான் கட்டிக்குவேன்" என்று சொன்னபோது சரி என்றேன். திருப்பதியில் வைத்துக் கல்யாணம். அன்றைக்குத்தான் அவன் வீட்டார் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்த்தேன்.

குடிபாலாக்காரர்கள். எல்லாரையும் சொல்ல வேண்டாம், மூன்று பேரைச் சொல்கிறேன். அப்பா வீராசாமி. கிரணின் அம்மாவுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே கோணலாக இருக்கும், அது இவர் உலக்கையால் அடித்தது. அண்ணன், மணல் லாரி தகராறில் ஒருத்தன் காதை அறுத்து அவன் சட்டைப் பையிலேயே போட்டு அனுப்பினவன். சித்தப்பா, தன் பெண்டாட்டியைக் கிணற்றில் இறக்கிக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். தண்ணீர் குறைவாக இருந்ததால் கால் மட்டும் போனது. அந்த அம்மாவும் கல்யாணத்துக்கு வந்திருந்தாள், கட்டையை ஊன்றிக்கொண்டு. பந்தியில் இதையெல்லாம் அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். வீராசாமி என் இலையில் இன்னொரு வடையை வைத்து, "எங்க ஊட்டு ஆம்பளைங்க கொஞ்சம் கோவக்காரங்க சம்பந்தி. கெடா மாரி. துன்னுட்டா அடங்கிடுவாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் ஒன்பது கட்டம் போட்டேன். அந்தத் தாளைத்தான் நீங்கள் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். நடுவில் கிரண். சுற்றிலும் அவனுக்கு வேண்டப்பட்டவர்கள். ஏழு கட்டத்தில் மை.

அவசரப்படவில்லை, மேடம். எட்டு மாதம் அவனைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் புத்தூரிலிருந்து வருவார்கள். சந்தியா குனியும்போது முதுகைப் பார்ப்பேன், வளையல் போடும் சாக்கில் கையைப் பார்ப்பேன். ஒரு கீறல் இல்லை. மீன் குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டான். "அத்தை, கடல்ல புடிச்ச மீன கழுவவே இல்ல போல" என்று சிரித்தான். அவன் உள்ளங்கையில் ஒரு நீளத் தழும்பு இருந்தது. கேட்டதற்கு, அண்ணன் வீசின கத்தியைப் பிடித்தது என்றான், அம்மாவுக்குக் குறுக்கே போய். நல்லவன். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். அவனிடம் ஒரு குறையும் நான் காணவில்லை.

அதுதான் எனக்குத் தூக்கம் இல்லாமல் செய்தது. அந்த விதி கெட்டதுக்கு இல்லை. கெட்டதை மெஷினே பார்த்துக்கொள்ளும். சோதனை அன்றைக்குத் தேறி நிற்கிறதே, அதற்குத்தான் அந்த விதி.

நீங்கள் கேட்டீர்கள், பிரித்துவிட்டிருக்கலாமே, ஊரை விட்டு அனுப்பியிருக்கலாமே என்று. தட்டில் ஒரு கட்டத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது.

போன மாதம் சந்தியா வந்து என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். மூன்று மாதம். அவளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. நானும் சிரித்தேன், நெற்றியில் முத்தம் வைத்தேன், வெல்லம் உடைத்துக் கொடுத்தேன். மனசுக்குள் ஒரு படி தாண்டிவிட்டது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்திருந்தால் ஒன்று. இப்போது பத்து. குழந்தை பிறந்து அவன் கையில் வளர்ந்த பிறகு என்றால் நூறு. நான் ஏற்கெனவே தாமதம்.

ஞாயிற்றுக்கிழமை சந்தியாவுக்குக் காலை ஷிப்ட். எனக்கு மத்தியானம். தண்ணீர்த் தொட்டி வால்வு கசிகிறது, வந்து பார் மாப்ளே என்று கிரணுக்குப் போன் செய்தேன். ஒன்பது மணிக்கு வந்தான். ஆட்டுக்கறிக் குழம்பும் ராகிக் களியும் செய்திருந்தேன். அன்றைக்கு உப்பு சரியாகப் போட்டேன். இரண்டு களி சாப்பிட்டான். சாப்பிடும்போது அவனாகவே சொன்னான்.

"நைனா போன் மேல போன் போட்டுக்கினு இருக்கான் அத்தை. குடிபாலாவுக்கு வந்துடு, பேரன் இங்கதான் பொறக்கணும்னு. நான் இட்டுக்கினு போவ மாட்டேன். அந்த ஊட்டு வாசப்படிய என் கொயந்தை மிதிக்காது."

"அப்படியா மாப்ளே" என்றேன்.

"நீயும் எங்களோட வந்து இருந்துடேன். எதுக்கு தனியா?"

நான் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினேன். பதினாலாவது வரிசை, ஒன்பதாவது கட்டமும் இப்படித்தான் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு இரக்கப்பட்டதுக்குப் பிரமிளா போனாள். இன்னொரு தடவை அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன் என்று அவளைக் குளிப்பாட்டும்போதே சொல்லியிருந்தேன்.

கை கழுவிவிட்டு வந்தவனைக் கிட்டே கூப்பிட்டு, மைச் சிமிழிலிருந்து தொட்டு இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். அவன் உயரம், குனிந்து கன்னத்தைக் காட்டினான். "இன்னா அத்தை, பச்சக் கொயந்தையா நானு? அது வவுத்துல இருக்குது" என்றான். ஊர்க் கண் எல்லாம் உன் மேல்தான் மாப்ளே என்றேன். அவன் அதைத் துடைக்கவில்லை. போனில் தன்னைப் படம் எடுத்து சந்தியாவுக்கு அனுப்பினான்.

தொட்டி மூடியைத் தள்ளிவிட்டு, மண்டி போட்டுக் கையை உள்ளே விட்டு வால்வைத் திருகினான். கரும்புக் கட்டையைத் தோண்டுகிற கடப்பாரை சுவரோரம் இருந்தது. எனக்கு அது பழகின கனம். முதல் அடி பின்னந்தலையில், காதுக்குக் கொஞ்சம் மேலே. ஈரமான மண்பானை உடைகிற மாதிரி ஒரு சத்தம். அவன் விழவில்லை. திரும்பி மேலே பார்த்தான். கூரையிலிருந்து ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்துவிட்டான். ஒரு கண்ணில் ரத்தம் இறங்கிக்கொண்டிருக்க, இன்னொரு கண்ணால் என்னைப் பார்த்து, "தள்ளு அத்தை, உன் மேல உயுந்துடப் போவுது" என்று தழும்பு இருந்த கையால் என்னைப் பின்னால் தள்ளினான். இரண்டாவது அடி அந்தக் கையின் மேலேயே பட்டது. விரல் இரண்டு மடங்கிப் பின்பக்கம் போய்விட்டது. மூன்றாவது நெற்றியில். அதன் பிறகு அவன் ஏதோ பேசினான், வார்த்தை வரவில்லை, நுரைதான் வந்தது. நீண்ட நேரம் ஆகும் போலிருந்தது. அவனை அப்படி விட எனக்கு மனசில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முந்தானையைச் சுருட்டி வாயிலும் மூக்கிலும் வைத்து அழுத்தினேன். குதிகால் கொஞ்ச நேரம் தரையைத் தேய்த்தது. அப்புறம் இல்லை. கன்னத்து மை மட்டும் கலையாமல் இருந்தது.

தொட்டிக்குள் இறக்கி மூடியைப் போட்டேன். தரையைக் கழுவினேன். துடைக்கிற வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போய் நின்றேன். அன்றைக்கு வேறு டிரைவர். இரண்டு மணிக்குக் கம்பெனி கேட்டில் சந்தியா வெளியே வந்தாள், நான் உள்ளே போனேன்.

"எம்மா, அவரு துன்னாரா? மை வச்ச போட்டோ பாத்தேன்" என்று சிரித்தாள்.

"துன்னாரு கண்ணு. ரெண்டு களி" என்றேன்.

அன்றைக்கு ஆறு தட்டுப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. நீங்கள் கம்பெனியில் கேட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் விடிந்ததும் சந்தியா வந்துவிட்டாள், அவன் வீடு திரும்பவில்லை, போன் எடுக்கவில்லை என்று. உட்கார வைத்து, சூடாகப் பால் கொடுத்து, அது பாதி இறங்கின பிறகு சொன்னேன். வெறும் வயிற்றில் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அவளுக்கு முதலில் காதில் விழவே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அவரு இன்னாமா பண்ணாரு?"

"ஒன்னும் பண்ணலடி. அதான்."

அவள் எழுந்து தொட்டிக்குப் போனாள். மூடியைத் தள்ளிவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி அதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று பின்னாலிருந்து கண்ணைப் பொத்தினேன். அந்தக் கையைத்தான் கடித்தாள். எலும்பு வரைக்கும். நான் கையை எடுக்கவில்லை. அவளுக்கு அப்போது கடிக்க ஏதாவது வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவள்தான் உங்களைக் கூப்பிட்டாள். சரியாகத்தான் செய்தாள். அவளை நான் அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். கிரண்குமாரைக் கொன்றது நான். தனியாக, என் கையால், தெரிந்தே. எழுதிவிட்டீர்களா? படிக்க வேண்டாம், கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வலது கைக்குத்தான் கட்டு, இடது கையாலும் எனக்கு எழுத வரும்.

அந்தத் தாளில் எட்டாவது கட்டம் யார் என்று காலையிலேயே கேட்டீர்கள். விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் என்னைப் பார்த்தீர்கள். சுற்றியிருக்கிற எட்டில் அது ஒன்றுதான் வெள்ளை. அது பெண் கொடுத்த வீடு. நான். அதில் வைக்க ஒன்றும் இல்லை என்றுதான் விட்டிருக்கிறேன்.

சந்தியா என்னைப் பார்க்க வர மாட்டேன் என்று சொன்னதாகச் சொன்னீர்கள். கோபம் தணியும். எனக்கு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள், மேடம். குழந்தை பிறந்ததும் அவசரப்பட்டு யாரும் அதன் கன்னத்தில் மை வைத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்னிடம் கொண்டு வந்து ஒரு தடவை காட்டட்டும். நடுவில் அதை எழுதி, சுற்றிலும் யார் யார் என்று பார்த்துவிட்டு, வைப்பதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன்.